கான்சர் திரும்பி வந்ததும் "எதிர்ப்புச் சக்தி ட்ரிப்" என்று காசு வாங்கும் நிலையங்கள் - கொழும்பில் உள்ளவர்கள் கவனம்

என் அக்காவுக்குச் சூலகப் புற்றுநோய். ஒப்பரேஷனும் கீமோவும் முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் நன்றாக இருந்தவருக்கு மறுபடியும் வந்துவிட்டது. அந்த நேரத்தில் கொழும்பில் ஒரு தனியார் நிலையம் எங்களை ஏமாற்றியது. முறைப்பாடு கொடுத்திருப்பதால் பெயரை எழுதவில்லை. ஆனால் இப்படிப்பட்ட இடங்கள் எப்படி நடந்துகொள்ளும் என்பதை, இதே நிலையில் இருக்கும் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அரசாங்க கிளினிக்கில் டொக்டர் ஸ்கேனைப் பார்த்து, மறுபடி கீமோ கொடுக்கலாம் என்று சொல்லி அடுத்த திகதியைப் போட்டுக் கொடுத்திருந்தார். வெளியே அவ்வளவு சனம். பேச்சு முழுக்கச் சிங்களத்தில். அக்காவுக்குப் பாதிதான் விளங்கியது. கேட்க நினைத்ததையெல்லாம் கேட்காமலே எழுந்து வந்துவிட்டார். அந்த இடைவெளியில்தான் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் இந்த நிலையத்தின் நம்பர் வந்தது.

போனோம். ஏசி அறை, தேத்தண்ணி, அழகாகத் தமிழ் கதைக்கும் ஒரு பெண். தன்னை இணைப்பாளர் என்றார். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, பயப்பிடாதீங்க, கீமோ உங்கட உடம்பை இன்னும் உடைச்சுப் போடும். நாங்க உங்கட எதிர்ப்புச் சக்தியை வச்சே கான்சரை அழிப்பம்" என்றார். எங்கள் மொழியில் ஒருவர் ஆறுதலாகப் பேசி எவ்வளவு நாளாகியிருந்தது! அக்கா அங்கேயே அழுதுவிட்டார்.

அப்புறம் கேள்விகள் தொடங்கின. வீடு சொந்தமா? கனடாவில், லண்டனில் யார் இருக்கிறார்கள்? காசு யார் அனுப்புவார்கள்? கடைசி கீமோ எப்போது முடிந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. என்ன மருந்து ஏற்றினார்கள், பயொப்சி ரிப்போர்ட் எங்கே என்றும் கேட்கவில்லை. நாங்கள் நீட்டிய ஃபைல் மேசையில் திறக்காமலே கிடந்தது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சூலகப் புற்றுநோய் திரும்பி வந்தால் புற்றுநோய் டொக்டர் முதலில் பார்ப்பதே, கடைசி கீமோ முடிந்ததற்கும் நோய் திரும்பியதற்கும் இடையில் எவ்வளவு காலம் என்பதைத்தான். கார்போபிளாட்டின் போன்ற பிளாட்டினம் மருந்து முடிந்து ஆறு மாதத்துக்குப் பிறகு நோய் திரும்பியிருந்தால், அதே வகை மருந்து மறுபடியும் வேலை செய்ய நல்ல வாய்ப்பு உண்டு. அதற்குள் வந்திருந்தால் பொதுவாக வேறு மருந்துக்குப் போவார்கள். சிலருக்கு இரண்டாவது ஒப்பரேஷனும் உதவும். பிஆர்சிஏ மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு ஒலாபரிப் மாதிரி மாத்திரைகள் இருக்கின்றன. அந்த விவரங்களைப் பார்க்காமல் வைத்தியம் சொல்கிறவருக்குச் சொல்ல வைத்தியம் எதுவும் இல்லை.

அடுத்தது அவசரப்படுத்துதல். "சிஏ 125 ஏறிக்கொண்டு போகுது, நாளைக்கே தொடங்க வேணும்" என்று ஆறரை லட்சம் ரூபாயை முன்பணமாக வாங்கினார்கள். சிஏ 125 என்பது சூலகப் புற்றுநோயைக் கண்காணிக்க இரத்தத்தில் பார்க்கும் ஒரு எண். 2010இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், அந்த எண் ஏறியதை மட்டும் வைத்து உடனே கீமோ தொடங்கியவர்கள், அறிகுறி வரும்வரை பொறுத்தவர்களைவிடக் கூடுதல் காலம் வாழவில்லை என்றுதான் தெரிந்தது. கிளினிக் திகதிவரை காத்திருந்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று பயமுறுத்தியது முழுக்க முழுக்கக் காசுக்காக.

ஏற்றியது மஞ்சள் நிறத் திரவம். பையில் ஒட்டியிருந்த லேபலைக் கிழித்து எடுத்திருந்தார்கள். பசை மட்டும் மிச்சம். மருந்தின் பெயரைக் கேட்டால் "இம்யூனோதெரபி, தங்கச்சி, அது எங்கட சொந்தத் தயாரிப்பு" என்றார்கள். உண்மையான இம்யூனோதெரபி மருந்துகள், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கான்சருக்கு எதிராக வேலை செய்ய வைக்கும் மருந்துகள், இருக்கின்றன. பெம்ப்ரோலிசுமாப் அப்படி ஒன்று. திரும்பி வந்த கருப்பைக் கழுத்துப் புற்றுநோயிலும் கருப்பைப் புற்றுநோயிலும், பரிசோதனை முடிவு பொருந்துகிறவர்களுக்குக் கொடுக்கிறார்கள். சூலகப் புற்றுநோயில் அவற்றின் பலன் குறைவு. எதுவாக இருந்தாலும் பெயர், தொகுதி எண், காலாவதித் திகதி எல்லாம் குப்பியில் இருக்கும். கேட்டால் காட்டுவார்கள்.

அக்காவின் வயிறு வீங்கத் தொடங்கியது. போன் எடுத்தோம். "நச்சு வெளியேறுது, நல்ல அறிகுறி" என்றார்கள். சாப்பாடு இறங்கவில்லை, படுத்தால் மூச்சு முட்டியது. அப்போதும் அதே பதில், கூடவே இன்னொரு பக்கேஜின் விலை. இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. புற்றுநோயால் வயிற்றில் நீர் கட்டுவதை நல்ல அறிகுறி என்று ஒரு நோயாளிக்குச் சொல்ல எப்படி மனம் வந்தது?

வார்ட்டில் சேர்த்த அன்றே மூன்று லீற்றருக்கு மேல் நீர் எடுத்தார்கள். டொக்டர் பழைய ஃபைலை முதல் பக்கத்திலிருந்து பார்த்து, கார்போபிளாட்டின் இன்னும் கேட்கும் என்று தொடங்கினார். முதல் நாளிலேயே, தமிழ் தெரிந்த ஒரு நர்ஸ் மிஸ்ஸைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் விளக்க வைத்தார். கேட்டால் இப்படி உதவி கிடைக்கும். இல்லாவிட்டால் சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அக்கா இப்போது சிகிச்சையில் இருக்கிறார். சாப்பிடுகிறார், நடக்கிறார்.

மகரகம அபேக்ஷா வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். வடக்கில் இருப்பவர்களுக்குத் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. சில மருந்துகளை வெளியே வாங்கச் சொல்வார்கள், அது பெரிய சுமைதான். அதற்கு ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். வலி, வாந்தி, மனச்சோர்வு எதுவானாலும் நோவுத் தணிப்புச் சிகிச்சை பற்றிக் கேளுங்கள். அது கடைசி நாட்களுக்கு மட்டும் உரியதல்ல, கீமோவோடு சேர்த்தே எடுக்கலாம்.

அந்த நிலையத்தின் "டொக்டர்" பெயரை இலங்கை மருத்துவச் சபையின் இணையப் பதிவேட்டில் தேடினோம், இல்லை. காசைத் திருப்பிக் கேட்டபோது, பில்லில் "உடல்நல ஆலோசனை" என்றுதானே இருக்கிறது என்றார்கள். தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் பேரவைக்கும் நுகர்வோர் அதிகார சபைக்கும் (தொலைபேசி இலக்கம் 1977) முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். உங்கள் வீட்டிலும் இப்படி நடந்திருந்தால் பில், வங்கிச் சீட்டு, வாட்ஸ்அப் குரல்பதிவு எதையும் அழிக்காதீர்கள். நீங்களும் முறைப்பாடு கொடுங்கள். எங்களுடையது ஒன்று மட்டும் போதாது.