குவாதலூப்பின் கொலொம்போ பொடி: சாம்பார்பொடி என்று நினைத்து வாங்காதீர்கள்

கரீபியக் கடலில் பிரான்சின் ஆளுகையிலுள்ள குவாதலூப் தீவில், புவாந்த்-அ-பித்ர் நகரின் சென்-அந்துவான் சந்தையில் வனிலாக் காய், பட்டை, ஜாதிக்காய்க்கு நடுவே வெளிர் மஞ்சள் பொடி ஒன்று சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் குவிந்திருக்கும். அதுதான் கொலொம்போ. விற்கிற பெண்கள் தலையில் கட்டியிருக்கும் கட்டம் போட்ட துணிக்கு அங்கே மத்ராஸ் என்று பெயர். நம் கரையிலிருந்து கப்பலேறிப் போன துணி அது. பொடியின் கதையும் அப்படித்தான்.

பெயரைப் பார்த்து இலங்கைச் சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். நம் குழம்பு என்ற சொல்தான் தேய்ந்து இப்படி ஆனது என்பதே பொருத்தமான விளக்கம். இந்திய வம்சாவளிக் குடும்பங்களில் கொல்பூ என்றும் சொல்வார்கள். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், குழம்பு காதில் விழும். 1854 டிசம்பர் 24 அன்று ஒரேலி என்ற கப்பல் முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகளை அந்தத் தீவில் இறக்கியது. 1889 வரை சுமார் 42,000 பேர் போனார்கள், பெரும்பகுதி தமிழ் நிலத்தவர். கரும்புக் கொல்லையில் கிரெயோல் என்ற கலப்புமொழி, பள்ளியில் பிரெஞ்சு; இரண்டுக்கும் இடையில் தமிழ் பேச்சுமொழியாக நிற்கவில்லை. கோயிலிலும் அடுப்படியிலும் மட்டும் ஒட்டிக்கொண்டது. பாவற்காய் பரோக்கா ஆனது, தப்பு மேளம் தப்பூ, மாரியம்மன் மலியேமின், மதுரை வீரன் மல்தெவிலென். கபெஸ்தேர்-பெல்-ஓ என்ற ஊரில் இருக்கும் ஷாஞ்சி கோயிலின் வண்ணக் கோபுரம் சாலையிலிருந்தே தெரியும். மலியேமினுக்கு நேர்ந்து வெட்டிய கிடாய் அன்றைக்கே கொலொம்போவாகி வாழையிலையில் விழும். ஞாயிறு பூசைக்குத் தேவாலயம் போகிறவர்களும் அந்தப் பந்தியில் உட்காருவார்கள்.

ஆகவே இந்தப் பொடியை எடைபோட வேண்டியது கிடாய்க் குழம்பை வைத்துத்தான். சாம்பாரில் போட்டுப் பார்த்துவிட்டு மட்டம் என்று சொல்வது நியாயமே இல்லை. இதில் பருப்பும் கிடையாது, மிளகாய் வற்றலும் கிடையாது. மல்லி, சீரகம், கடுகு, மிளகு, வெந்தயம், மஞ்சள், கொஞ்சம் கிராம்பு, பல கலவைகளில் வறுத்த அரிசி. காரம் அடுப்பில் தனியாக வந்து சேரும். குழம்பை இறுகச் செய்வது அரிசி.

நல்ல பொடியைக் கண்டுபிடிக்க ஒரு சிட்டிகையை விரலிடுக்கில் தேய்த்தாலே போதும். அரிசியின் நறநறப்பு லேசாகத் தட்டுப்பட வேண்டும், முதலில் சீரகம் மணக்க வேண்டும், பிறகு கடுகின் நெடி. பளீரென்ற மஞ்சளாக இருந்து மண்வாசனை மட்டும் வந்தால் மஞ்சள்தூளை அள்ளிப் போட்டிருக்கிறார்கள். ஆரஞ்சு நிறம் என்றால் மிளகாய்த்தூள் சேர்ந்திருக்கிறது. சில பொட்டலங்களில் உப்பும் இருக்கும். சேர்மானப் பட்டியலைப் படிக்காமல் வழக்கமான அளவு உப்புப் போட்டால் கறி வீண். திறந்த கூடையில் அள்ளித் தரும் பொடி பார்க்க அழகு, ஆனால் அந்தக் கடற்கரை ஈரக்காற்றில் மணம் சீக்கிரம் போய்விடும். மூடி ஒட்டிய பொட்டலமே மேல். வீட்டுக்கு வந்ததும் கண்ணாடிச் சீசாவுக்கு மாற்றுங்கள், ஆறு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

எலும்போடு ஒரு கிலோ ஆட்டுக்கறிக்கு மூன்று மேசைக்கரண்டி பொடி சரியான அளவு. கறியை இரண்டு எலுமிச்சம்பழச் சாறு விட்டுக் கழுவி, நசுக்கிய நாலு பல் பூண்டு, வெங்காயத்தாள், தைம் என்ற வாசனை இலை, உப்பு, பாதிப் பொடி போட்டுப் பிசறி ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் எண்ணெயில் கறியைச் சிவக்க வதக்கியபின், மீதிப் பொடியை அரைக் கிண்ணம் தண்ணீரில் கரைத்து ஊற்றி, எண்ணெய் பிரியும்வரை கிளற வேண்டும். இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்களுக்குக் கெட்டுப்போகிறது. பொடியை நேராகச் சூடான எண்ணெயில் கொட்டினால் வெந்தயம் கருகிக் கடைசி வாய்வரை கசக்கும். கொதிக்கிற குழம்பில் கடைசியாகத் தூவினால் அரிசி கட்டிதட்டும், மஞ்சள் பச்சையாக நிற்கும். பிறகு முக்கால் லிட்டர் வெந்நீர், சிறு தீ, மூடி, ஒன்றரை மணி நேரம். அரிசி அடியில் படியும் என்பதால் கால்மணிக்கு ஒருமுறை அடியைச் சுரண்டிக் கிளறுங்கள்.

காய்கள் கடைசி 25 நிமிடத்தில் போதும்: கத்திரிக்காய், பூசணி, உருளைக்கிழங்கு, அங்கே கிறிஸ்தோஃபின் என்கிற நம் சௌசௌ. கிடைத்தால் பச்சை மாங்காய்த் துண்டு நாலு. அந்தப் புளிப்பு இல்லாமல் இந்தப் பொடி மந்தமாகவே இருக்கும். அதோடு சின்னக் குடைமிளகாய் போலச் சுருங்கிய குண்டு மிளகாய் ஒன்றை முழுசாக, காம்போடு மேலே மிதக்கவிடுவார்கள். அதன் வாசனை மட்டும் குழம்பில் இறங்க வேண்டும். கரண்டி பட்டுத் தோல் கிழிந்தால் பானை முழுக்க வாயில் வைக்க முடியாத காரம். ஆகவே அது பானைக்குள் போனபிறகு வேகமாகக் கிளறாமல் பானையைப் பிடித்து ஆட்டிவிடுங்கள். இறக்கியதும் முதல் வேலை காம்பைப் பிடித்து மிளகாயை எடுத்துவிடுவது.

பழைய முறையில் கொலொம்போ பொடியே அல்ல, கல்லில் தண்ணீர் தெளித்து அரைத்த விழுது. அந்த விழுது சீசாவிலும் விற்கிறது. சுவையில் பொடியைவிட ஒரு படி மேல், சந்தேகமே இல்லை. பூண்டும் மசாலாவும் ஒன்றாகக் கூடியிருக்கும். ஆனால் திறந்தபின் குளிர்பெட்டியில்தான் வைக்க வேண்டும், பயணத்தில் கொண்டுவருவதும் சிரமம்.

தீவுப் பக்கம் போக வழியில்லாதவர்கள் வீட்டிலேயே செய்யலாம். அரிசி 2 மேசைக்கரண்டியைப் பொன்னிறமாக வறுத்துத் தனியே வையுங்கள். அதே கரண்டியால் மல்லி 4, சீரகம் 2, கடுகு 1, மிளகு 1, கிராம்பு நாலு ஆகியவற்றை வாசம் வரும்வரை வறுத்து, அடுப்பை அணைத்தபின் அந்தச் சூட்டில் ஒரு தேக்கரண்டி வெந்தயம். ஆறியதும் அரைத்து 2 மேசைக்கரண்டி மஞ்சள்தூள் கலந்தால் முடிந்தது. அரிசியை மட்டும் ரொம்ப நைசாக்க வேண்டாம்.

கோழி, மீன், வெறும் காய் எல்லாவற்றுக்கும் இந்தப் பொடி ஒத்துப்போகிறது. கோழிக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும், நேரமும் பாதி. பருப்புக் குழம்பு, ரசம், பொரியல் பக்கம் கொண்டுபோகாதீர்கள். முதல்முறை வாங்குகிறவர்களுக்கு 100 கிராம் பொட்டலம் ஒன்று போதும், மூன்று நாலு குழம்புக்கு வரும்.