கோவிலூரில் பனி விழுந்த ராத்திரி: வேர்ல்ட்கிளைமா, ஈரா-5 லேண்டா?

கேரளத்து இடுக்கி மலையில், வட்டவடைப் பக்கம் கோவிலூரில் எங்களுக்கு இரண்டரை ஏக்கர், படிப்படியாக இறங்கும் நிலம். பூண்டு, உருளை, பீன்ஸ் என்று மாற்றி மாற்றிப் போடுவதுதான் வழக்கம். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆசை யாரை விட்டது, 40 பட்டர் ஃப்ரூட் ஒட்டுக் கன்று வாங்கி நட்டேன். கன்றில் கட்டியிருந்த அட்டையில் 'மண்டலம் 11, 12' என்று அச்சடித்திருந்தது. நம்ம ஊர் எந்த மண்டலம் என்று விற்றவரிடம் கேட்டேன். "அதெல்லாம் அமெரிக்காக்காரன் கணக்கு சார், நம்ம மலைக்கு எல்லாம் வரும்" என்றார்.

அமெரிக்காக்காரன் கணக்குதான், அதில் தப்பில்லை. ஒரு ஊரின் குளிரைச் செடி தாங்குமா என்று பார்க்க, ஊர்களைக் குளிருக்கு ஏற்பப் பிரிக்கும் 'குளிர்தாங்கு மண்டலம்' அது. எண் கூடக் கூடக் குளிர் குறைவு. அந்த நாட்டு விவசாயத் துறை 1960இல் முதல் வரைபடம் போட்டது. 2012இல் 12, 13 மண்டலங்களைச் சேர்த்தது. கடைசியாக 2023இல், 1991 முதல் 2020 வரையிலான வானிலைப் பதிவுகளை வைத்துப் புதுப்பித்தது. மொத்தம் 13 மண்டலம், ஒவ்வொன்றும் 10 ஃபாரன்ஹீட் அகலம், அதை அ, ஆ என்பதுபோல் 'ஏ', 'பி' என்று இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். அரை மண்டலம் என்றால் நம் கணக்கில் சுமார் 2.8 டிகிரி செல்சியஸ். வரைபடம் அவர்கள் நாட்டோடு முடிந்துவிடும். ஆனால் கணக்கு எந்த ஊருக்கும் பொருந்தும், வெப்பநிலைப் பதிவு இருந்தால் போதும். சரி, நாமே போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு தரவுகளை வைத்து இரண்டு முறை போட்டேன். முதல் முறை போட்டதை நம்பித்தான் கன்று நட்டேன். அதனால் இது நடுநிலையான அலசல் அல்ல, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்திய வானிலைத் துறையின் கட்டத் தரவைத்தான் முதலில் பார்த்தேன். வெப்பநிலைக்கு அது ஒரு டிகிரிக்கு ஒரு டிகிரி கட்டம், அதாவது ஒரு பக்கம் 110 கிலோமீட்டர். உடுமலைச் சமவெளியையும் ஆனைமுடியையும் ஒரே பெட்டியில் போட்டு மூடிவிட்டு நடுவில் ஒரு எண்ணைச் சொன்னால் எனக்கு என்ன பிரயோஜனம்? தமிழ்நாட்டை 7 வேளாண் காலநிலை மண்டலமாகப் பிரித்திருப்பதும் அப்படித்தான். எந்தப் பயிர் எந்தப் பட்டத்தில் என்பதற்கு அது உதவும், ஒரு கன்று குளிரில் பிழைக்குமா என்பதற்கு உதவாது. போதாக்குறைக்கு நான் இருப்பது இடுக்கி மாவட்டத்தில்.

மிச்சம் இருந்தது இரண்டு. வேர்ல்ட்கிளைம், ஈரா-5 லேண்ட். இரண்டும் உலகத்து நிலப்பரப்பைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வெப்பநிலை சொல்லும் தரவுகள்.

வேர்ல்ட்கிளைமின் கவர்ச்சி அதன் எளிமை. ஒரு ஜிப் கோப்பை இறக்கினால் 19 காலநிலைக் குறியீடுகள் வந்துவிடும். ஆறாவது குறியீடு 'மிகக் குளிர்ந்த மாதத்தின் குறைந்தபட்ச வெப்பநிலை'. கட்டம் சுமார் ஒரு கிலோமீட்டர். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறந்து, மண்டல எல்லைகளுக்கு ஏற்ப நிறம் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் படம் தயார். மலை மடிப்பு, பள்ளத்தாக்கு எல்லாம் அழகாகத் தெரியும். அச்செடுத்துச் சுவரில் மாட்டலாம். நான் மாட்டினேன். எங்கள் நிலம் '11பி' நிறத்தில் இருந்தது, கன்று அட்டையோ 11 என்கிறது. வேறென்ன வேண்டும்?

அடுத்த தை மாதம் ஒரு ராத்திரி உறைபனி விழுந்தது. காலையில் கீழ்த்தட்டில் புல் எல்லாம் உப்புத் தூவினாற்போல் இருந்தது. வெயில் ஏறியதும் இலைகள் வெந்த கீரை மாதிரித் தொங்கின. கீழ்த்தட்டில் இருந்த 11 கன்றும் போய்விட்டது. மேல்தட்டில் ஒன்றுக்கும் சேதமில்லை. பக்கத்து நிலத்து மாமா வேலி ஓரம் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "கீழ்க்காட்டுல தை மாசம் பீன்ஸே போட மாட்டோம். நீ மரம் வச்சிருக்க. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல மாப்ளே?"

கேட்டிருக்கலாம். ஆனால் படம் ஏன் பொய் சொன்னது என்பதுதான் என்னைக் குடைந்தது. யோசித்தபோது புரிந்தது, படம் பொய் சொல்லவில்லை. நான்தான் வேறு கேள்விக்கான பதிலை எடுத்து ஒட்டியிருக்கிறேன். இந்த ஒப்பீட்டில் முக்கியமான இடமே இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

வேர்ல்ட்கிளைமின் ஆறாவது குறியீடு ஒரு சராசரி. ஜனவரி மாதத்தின் எல்லா ராத்திரிகளின் குறைந்தபட்சத்தையும் கூட்டி வகுத்து, அதையும் 1970 முதல் 2000 வரை சராசரி எடுத்தது. குளிர்தாங்கு மண்டலம் கேட்பது அதுவல்ல. ஒவ்வொரு வருஷமும் வந்த ஒரே ஒரு மிக மோசமான ராத்திரியை எடு, அப்படி 30 வருஷத்துக்கு 30 எண் எடு, அவற்றைச் சராசரி பார் என்கிறது. ஒரு ஜனவரியில் 28 ராத்திரி 9 டிகிரி, 3 ராத்திரி 2 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதச் சராசரி 8.3. அது 7.2க்கும் 10க்கும் நடுவில் இருப்பதால் 11பி. ஆனால் வருஷத்தின் மோசமான ராத்திரி 2 டிகிரி, அது 1.7க்கும் 4.4க்கும் நடுவில், 10பி. ஒரே ஊர், ஒரே மாதம், ஒரு முழு மண்டலம் வித்தியாசம்! கன்று சராசரியில் சாவதில்லை, அந்த மூன்று ராத்திரியில்தான் சாகிறது.

வேர்ல்ட்கிளைமில் வருஷ வாரியான மாதத் தரவும் இருக்கிறது என்று ஒரு நண்பர் சொன்னார். இருக்கிறது. அதுவும் மாதச் சராசரிதான். அந்த ஒரு ராத்திரியை அதிலிருந்து தோண்டி எடுக்க வழியில்லை.

ஈரா-5 லேண்ட் அங்கேதான் ஜெயிக்கிறது. ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் திட்டம் தருவது, இலவசம். 1950இலிருந்து ஒவ்வொரு மணி நேரத்துக்கும் வெப்பநிலை உண்டு. சில நாள் தாமதத்தில் நடப்பு மாதம் வரை வந்துகொண்டே இருக்கும். மணிக்கணக்கான கோப்புகளை நேரடியாக இறக்கப் போனால் வரிசையில் நிற்க வைத்து உயிரை வாங்கும். கூகுள் எர்த் எஞ்சின் என்ற இணையச் சேவையில் நாள்வாரிக் குறைந்தபட்சமே தயாராக இருக்கிறது, அதை எடுப்பது உத்தமம். வருஷத்துக்கு ஒரு குறைந்தபட்சம், 30 வருஷத்துக்குச் சராசரி, கெல்வினிலிருந்து 273.15 கழித்தால் முடிந்தது.

இதில் நான் இடறிய இடம் ஒன்று உண்டு. முதலில் ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை ஒரு வருஷம் என்று வெட்டினேன். நமக்குக் குளிர்காலம் டிசம்பரும் ஜனவரியும் சேர்ந்தது. ஒரே குளிர்காலத்தை நடுவில் வெட்டினால் பாதி ஒரு கணக்கிலும் பாதி அடுத்த கணக்கிலும் போய்விழும். இப்போது ஜூலையிலிருந்து ஜூன் வரை எடுக்கிறேன். நாள் வெட்டும் இடமும் தமாஷானது. அவர்கள் கடிகாரம் உலக நேரத்தில் ஓடுகிறது, அங்கே நள்ளிரவு என்றால் நமக்கு விடிகாலை 5:30. நம் ஊரில் குளிர் உச்சத்துக்குப் போகும் நேரத்தில்தான் அவர்களுக்குத் தேதி மாறுகிறது. வருஷக் குறைந்தபட்சத்துக்கு இதனால் கெடுதல் இல்லை. எத்தனை ராத்திரி 4 டிகிரிக்குக் கீழே போனது என்று எண்ணப் போனால் ஒரே ராத்திரியை இரண்டாக எண்ணிவிடுவீர்கள்.

சரி, ஈரா-5 லேண்டின் குறை? கட்டத்தின் அளவு. 0.1 டிகிரி, நம் பக்கம் கிட்டத்தட்ட 11 கிலோமீட்டர். மலையில் அது சாதாரணக் குறை அல்ல. மூணாறு பக்கத்து டாப் ஸ்டேஷனில் நின்று கிழக்கே எட்டிப் பாருங்கள், காலடியில் தேனிப் பக்கம் மலை அப்படியே சரிகிறது. அந்தக் காலத்தில் தேயிலைப் பெட்டிகளை ரோப்வேயில் கட்டிக் கோட்டகுடிக்கு இறக்கியதே அந்தச் சரிவில்தான். மேலே ஸ்வெட்டர், கீழே வியர்வை, இரண்டும் ஒரே கட்டத்துக்குள் விழலாம்.

இதற்கு ஒரு வைத்தியம் உண்டு. ஒவ்வொரு கட்டத்துக்கும் எவ்வளவு உயரம் என்று ஈரா-5 லேண்டின் கணினி மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறதோ, அதையும் இறக்கிக்கொள்ளலாம். ஜியோபொட்டென்ஷியல் என்று இருக்கும், 9.80665ஆல் வகுத்தால் மீட்டர். உங்கள் நிலத்தின் நிஜ உயரத்தோடு ஒப்பிட்டு, ஒரு கிலோமீட்டர் ஏற்றத்துக்கு 6.5 டிகிரி என்று கூட்டிக் கழித்துக்கொள்ள வேண்டும். அந்த விகிதத்தில் சுமார் 430 மீட்டர் உயரம் மாறினால் அரை மண்டலம் மாறும். இப்படித் திருத்திய பிறகு எங்கள் நிலம் 10பி என்று வந்தது. செத்த கன்றுகளும் அதைத்தான் சொல்லியிருந்தன.

ஆனால் மேல்தட்டில் 29 கன்று பிழைத்ததே, அது எப்படி? இந்த இடத்தில் இரண்டு தரவும் கைவிரிக்கும். மேகமில்லாத, காற்றில்லாத ராத்திரியில் குளிர்ந்த காற்று கனத்துப்போய்த் தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அன்றைக்கு மேலே போகப் போகக் குளிர் என்ற விதியே தலைகீழ். மேல்தட்டு கதகதப்பாக இருக்கும், கீழ்த்தட்டு உறையும். ஊட்டிக்குப் பக்கத்தில் தலைக்குந்தா பனிக்குப் பேர் போனதும் இதனால்தான். நான் போட்ட 6.5 டிகிரித் திருத்தம், மிகவும் தேவைப்படும் அந்த ஒரு ராத்திரியில் பள்ளத்துக்குத் தவறான திசையில் வேலை செய்கிறது. இன்னொன்று, ஈரா-5 லேண்ட் சொல்வது தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்துக் காற்றின் வெப்பநிலை. தெளிந்த ராத்திரியில் இலையும் புல்லும் அதைவிடச் சில டிகிரி குளிர்ந்துவிடும். வரைபடத்தில் 2 டிகிரி என்று இருந்தாலும் புல்லில் பனி உறையலாம். முழங்கால் உயரக் கன்றுக்கு 2 மீட்டர் காற்று எப்படி இருந்தால் என்ன?

அதனால் இப்போது மேல்தட்டில் ஒன்றும் கீழ்த்தட்டில் ஒன்றுமாக இரண்டு மேக்ஸிமம்-மினிமம் தெர்மாமீட்டர் கட்டியிருக்கிறேன், வெயில் படாமல் சின்னக் கூரை போட்டு. இரண்டு குளிர்காலம் ஓடியிருக்கிறது. அமைதியான ராத்திரிகளில் கீழ்த்தட்டு எப்போதுமே கூடுதல் குளிர், சில நாள் 3 டிகிரி வரை. இரண்டு குளிர்காலத்தை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் மாமா சொன்னதோடு அது ஒத்துப்போகிறது.

ஈரா-5 லேண்ட் பக்கம் நான் சாய்வதற்கு இன்னொரு காரணம் ஆப்பிள். காந்தளூர்க்காரர்கள் ஆப்பிள் காய்த்த மரத்தைக் காட்டி ஆசை மூட்டிவிட்டார்கள். ஆப்பிளுக்குக் குளிர் தாங்குமா என்பது கேள்வியே இல்லை, குளிர் போதுமா என்பதுதான் கேள்வி. 7.2 டிகிரிக்குக் கீழே எத்தனை மணி நேரம் கிடைக்கிறது என்று எண்ண வேண்டும், மணிவாரித் தரவு இருந்தால் எண்ணலாம். மாதச் சராசரியில் அதற்கு வழியில்லை. எண்ணிப் பார்த்தேன், குறைந்த குளிரே போதும் என்கிற அன்னா ரகம் நான்கு நட்டிருக்கிறேன். இன்னும் பூக்கவில்லை.

வேர்ல்ட்கிளைமைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. கீழே உடுமலை, போடிப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தச் சண்டையே அனாவசியம். அங்கே கன்றைக் கொல்வது தை மாதப் பனியல்ல, சித்திரை வெயில். 30 டிகிரிக்கு மேல் போகும் நாட்களை எண்ணுகிற வெப்ப மண்டல வரைபடம் ஒன்றை அமெரிக்கத் தோட்டக்கலைச் சங்கம் 1997இல் போட்டது, அந்த வழியில் யோசிப்பது அவர்களுக்குப் பயன்படும். மலையில் நிலம் பார்க்கப் போகிறவர் எது ஏறக்குறைய எவ்வளவு குளிர் என்று ஒரு பார்வை பார்க்க வேர்ல்ட்கிளைம் போதும், நானும் அதற்கு அதைத்தான் திறக்கிறேன். 11பி என்று கண்டால் மனதுக்குள் 10பி என்று படித்துக்கொள்கிறேன்.

கீழ்த்தட்டில் இப்போது பூண்டு போட்டிருக்கிறேன். மாமாவிடம் கேட்டுவிட்டுத்தான்.