எவர்ஸ்பின் எம்.ஆர்.25.எச்.40: கரன்ட் போனாலும் அழியாத எம்ராம்

சென்னை ரிச்சி தெருவில் ஈப்ராம் (தரவை மின்னூட்டமாகச் சேமிக்கும் நினைவகச் சிப்) வாங்கிப் பழகியவர்களுக்கு, காந்தத்தில் சேமிக்கும் இந்த எம்ராம் சிப் வேறு ரகம். கொள்ளளவு 4 மெகாபிட், அதாவது 512 கிலோபைட். ஒவ்வொரு பிட்டும் ஒரு மெல்லிய மின்காப்புப் படலத்தின் இருபுறமும் இரண்டு காந்த அடுக்குகள். அடுக்குகளின் காந்தத் திசை ஒன்றாக இருந்தால் எலக்ட்ரான்கள் எளிதாகத் தாண்டும், மின்தடை குறையும். எதிரெதிராக இருந்தால் கூடும். தேங்கி நிற்கும் மின்னூட்டத்தை நம்பாததால் தேய்மானம் இல்லை.

ஈப்ராமில் ஒரு பக்கம் (ஒரே முறையில் எழுதும் தரவுத் தொகுதி) எழுதினால் சுமார் 5 மில்லிநொடி காத்திருக்க வேண்டும். இங்கே காத்திருப்பே கிடையாது. 40 மெகாஹெர்ட்ஸில் முழுச் சிப்பையும் நிரப்ப ஏறக்குறைய 0.1 நொடிதான். மின்வெட்டு நேரத்தில் மீட்டர் அளவைச் சேமிக்க இதைவிட நிம்மதியானது அரிது.

சொதப்புவது பெரும்பாலும் வயரிங்கில்தான். தரவுப் பரிமாற்றத்தை நிறுத்திவைக்கும் ஹோல்டு காலை எதிலும் இணைக்காமல் அந்தரத்தில் விட்டால் படிக்கும்போது குப்பையாக வரும். அதையும் எழுத்துக்குப் பூட்டுப் போடும் ரைட் புரொடெக்ட் காலையும் 10 கிலோ ஓம் வழியாக 3.3 வோல்ட்டில் கட்டுங்கள். 5 வோல்ட் ஆர்டுயினோவில் நேராகச் செருகாதீர்கள், மின்னழுத்தத்தை மாற்றித் தரும் லெவல் ஷிஃப்டர் கட்டாயம். எழுதுமுன் அதற்கு அனுமதி தரும் 06 கட்டளை அனுப்ப மறந்தால் பிழையே காட்டாது, பழைய மதிப்பு அப்படியே இருக்கும்.

இந்தச் சிப்பின் டி.எஃப்.என் பொதிக்கு (உறைக்கு) கால்கள் வெளியே நீளாது. சாதா சால்டரிங் அயர்ன் போதாது, ஹாட் ஏர் வேண்டும். எழுதும் மின்னோட்டம் எஃப்ராம் என்ற இன்னொரு வகை நினைவகத்தைவிட அதிகம், எனவே பட்டன் செல் கருவிக்கு வேண்டாம். ஸ்பீக்கர் காந்தத்தின் அருகிலும் வைக்காதீர்கள்.