அக்கிரிலிக் வெட்டவும் துளைக்கவும்: 2020 முதல் என் பாவனையில் நிலைத்த கருவிகள்

யாழ்ப்பாணம் கொக்குவிலில் வீட்டோடு ஒட்டிய ஒரு கொட்டில்தான் என் பட்டறை. பெயர்ப்பலகை, சாமிப்படத்துக்கு முன்மூடி, கோயில் உண்டியல் பெட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் விஞ்ஞானக் கண்காட்சிக்குக் கண்ணாடிப் பெட்டி என்று அக்கிரிலிக் எனும் கண்ணாடி போன்ற பிளாஸ்ரிக் தகட்டில் கேட்பதைச் செய்து கொடுக்கிறேன். 2020 இல் கொரோனா வந்தபோது கடைக்காரர்கள் காசு மேசைக்கு முன்னால் தடுப்புக் கேட்டார்கள். அதுவரை மரவேலை மட்டும் செய்த நான், அப்போதுதான் முதல் தகட்டை வாங்கினேன். எங்கள் பக்கம் பலர் இன்னும் பேர்ஸ்பெக்ஸ் என்றே கேட்பார்கள். அது வியாபாரப் பெயர், சாமான் இதுதான்.

அந்த முதல் தகட்டில் பாதி வீணாகிப் போனது. மெசின் போதாது என்று நினைத்து அடுத்த மாதமே பெரிய ஜிக்சோ (அலகு மேலும் கீழும் ஓடி வெட்டும் கை மெசின்) ஒன்று வாங்கினேன். அதிலும் அதே கதைதான். மெசினில் பிழை இல்லை, அதில் பூட்டிய அலகில்தான் பிழை என்று விளங்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அந்த ஒரு வருடத்தை மிச்சம் பிடிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அக்கிரிலிக் ஏறத்தாழ 100 பாகை செல்சியஸில் இளகத் தொடங்கிவிடும். சூட்டைக் கடத்துவதும் மிகக் குறைவு. இரும்பைத் துளைத்தால் சூடு இரும்பு முழுக்கப் பரவிப் போகும். இங்கே பல் உரசுகிற இடத்திலேயே சூடு தேங்கி நிற்கும். வெட்டிய தூள் வெளியே போகாவிட்டால் அதுவே உருகிப் பசையாகிவிடும். முதலில் நான் ஜிக்சோவில் பூட்டியது இரும்பு வெட்டும் நெருக்கப் பல் அலகு. "பல் சிறிதானால் வெட்டு மழமழப்பாக வரும்" என்ற மரவேலைக் கணக்கு அது. இரண்டடி வெட்டி முடித்துத் தகட்டைப் பிரிக்கப் பார்த்தால் பிரியவில்லை. அலகு முன்னுக்குப் போகப் போக, பின்னால் வெட்டு உருகி மறுபடி ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது.

இப்போது ஜிக்சோவில் அங்குலத்துக்கு 10 பல் அளவில் உள்ள, சுத்தமான வெட்டுக்கான மர அலகு பூட்டுகிறேன். அக்கிரிலிக்குக்கென்றே விற்கும் அலகு கிடைத்தால் இன்னும் நல்லது. அலகை முன்னும் பின்னும் ஆட்டும் விசையைப் பூச்சியத்தில் வைத்து, வேகத்தை நடுவுக்குக் கீழே குறைத்து, தகட்டின் பாதுகாப்புத் தாளை உரிக்காமல் வெட்டுவேன். மேலே சொட்டுச் சொட்டாகச் சவர்க்காரத் தண்ணீர். கரண்ட் மெசினென்றால் தண்ணீர் மோட்டார்ப் பக்கம் போகாதபடி கவனம் வேண்டும், நான் பஞ்சில் நனைத்துக் கோட்டின்மேல் தடவுவதோடு நிறுத்திக்கொள்கிறேன். இவ்வளவு செய்தும் ஜிக்சோவை வளைவுகளுக்கு மட்டுமே எடுக்கிறேன். நேர்வெட்டுக்கு அது சரியான கருவி இல்லை.

துளை போடுவதுதான் இந்த வேலையில் ஆளைச் சோதிக்கும் இடம். வெட்டில் பிழை வந்தால் ஓரத்தை அரத்தால் சரிபண்ணலாம். கடைசித் துளையில் வெடித்தால் செய்த வேலை எல்லாம் போச்சு. எனக்கு இதில் வழி காட்டியவர் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் வயதான ஓடாவியார், அதாவது தச்சர். நான் புத்தம் புதிய பிட்டால் துளைத்து, பிட் மறுபக்கம் வரும் நேரத்தில் தகடு "டக்" என்று வெடித்ததைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, உம்மட பிட் கூர் கூடிப்போச்சு. கடிக்குது. கல்லில ரண்டு இழுப்பு இழுத்துப்போட்டுத் துளைச்சுப் பாரும்."

"கூரை மழுக்கிறதோ ஐயா?"

"மழுக்கிறேல்ல. கடிக்கிற பல்லைச் சுரண்டுற பல்லாக்கிறது. பித்தளைக்கும் நாங்கள் இப்பிடித்தான் செய்யிறது."

அவர் சொன்னது அப்படியே உண்மை. சாதாரண பிட்டின் நுனியில் இருக்கும் இரண்டு வெட்டு விளிம்புகளும் இரும்பைக் கோதி எடுப்பதற்காக முன்னுக்குச் சாய்ந்து நிற்கும். அக்கிரிலிக்கில் அந்தச் சாய்வு திருகாணி போல வேலை செய்து, துளை முடியும் தறுவாயில் தகட்டைத் தன் பக்கம் இழுக்கும். அந்த இழுப்பில்தான் வெடிக்கிறது. தட்டையான தீட்டுக்கல்லை பிட்டின் நீளவாக்குக்கு நேராகப் பிடித்து, அந்த இரண்டு விளிம்பிலும் மெல்ல உரசினால் அரை மில்லிமீற்றர் அகலத்தில் சிறு தட்டை முகம் வரும். அவ்வளவுதான் வேலை. பிறகு பிட் கோதாது, சுரண்டும். நுனிக் கோணத்தையும் மாற்றலாம். கடையில் வருவது பெரும்பாலும் 118 பாகை. அக்கிரிலிக்குக்கு 60 முதல் 90 பாகை வரை கூம்பாக இருந்தால் பிட் மறுபக்கத்தில் சிறிது சிறிதாகத் தலைகாட்டி இறங்கும். நான் 3, 4, 6, 8 மில்லிமீற்றரில் ஒவ்வொன்றைத் தீட்டி, சிவப்புப் பெயின்ற் பூசித் தனி டப்பாவில் வைத்திருக்கிறேன். அவற்றால் இரும்பைத் தொடுவதில்லை.

பிட்டுக்கு அடுத்து முக்கியம் அடியில் வைக்கும் பலகை. தகட்டின் கீழ் ஒரு பிளைவூட் துண்டை வைத்து இரண்டையும் ஜீ கிளாம்ப்பால் இறுக்கினால், பிட் வெளியே வரும் இடத்திலும் தகட்டுக்குத் தாங்கல் இருக்கும். கையால் அமத்திப் பிடித்துத் துளைக்கவே கூடாது. பிட் கடித்தால் தகடு கையோடு சுற்றும். வேகத்தைப் பொறுத்தவரை, 3 மில்லிமீற்றர் பிட்டுக்கு நிமிடத்துக்கு 1500 சுற்று வரை போகலாம், 10 மில்லிமீற்றருக்கு 500, 600 போதும். இடையிடையே பிட்டை வெளியே எடுத்துத் தூளைத் தட்ட வேண்டும். முடியும் நேரத்தில் அழுத்தத்தைக் கிட்டத்தட்ட விட்டுவிட வேண்டும். 10 மில்லிமீற்றருக்கு மேலே கூம்பு வடிவில் படிப்படியாக அகலும் ஸ்டெப் பிட்தான் எனக்குப் பிடித்தது. நான் வாங்கியவற்றில் காசுக்கு ஆகக்கூடிய பலன் தந்தது அதுதான். ஒவ்வொரு படியும் கொஞ்சம்தான் சுரண்டும், கடிக்கவே கடிக்காது. அடுத்த படியின் விளிம்பை இலேசாகத் தொட்டுவிட்டால் துளையின் கூர் ஓரமும் போய்விடும்.

ஒரு அனுபவத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். காங்கேசன்துறை வீதியில் ஒரு கடைக்கு நாலடிப் பெயர்ப்பலகை செய்து, 4 மில்லிமீற்றர் திருகாணிக்கு 4 மில்லிமீற்றர் துளையே போட்டு, இறுக்கிப் பூட்டினேன். சித்திரை வெயில் முடிவதற்குள் மூன்று மூலையில் துளையிலிருந்து வெடிப்பு ஓடியது. துளை சுத்தமாகத்தான் இருந்தது, பிழை என் அளவில். அக்கிரிலிக் சூட்டில் இரும்பை விட ஏறத்தாழ ஆறு மடங்கு நீளும். நாலடித் தகடு 20 பாகை சூடு கூடினால் 1.7 மில்லிமீற்றர் வரை விரியும். விரிய இடமில்லாவிட்டால் துளையின் ஓரம்தான் அடி வாங்கும். இப்போது 4 மில்லிமீற்றர் திருகாணிக்கு 6 மில்லிமீற்றர் துளை போட்டு, றப்பர் வாசர் வைத்து, கையால் திருகும் அளவுக்கே இறுக்குகிறேன். தலை கூம்பான திருகாணி பாவிப்பதில்லை, அது ஆப்பு மாதிரித் துளையைப் பிளக்கும். துளைக்கும் ஓரத்துக்கும் இடையே துளை அகலத்தின் இரண்டு மடங்காவது விடுகிறேன். அந்தக் கடைக்கு இரண்டாவது பலகையை என் செலவில் செய்து கொடுத்தேன். அது இன்றும் தொங்குகிறது.

நேர்வெட்டுக்கு வருவோம். 3 மில்லிமீற்றர் வரையான தகட்டுக்குக் கொக்கி போன்ற முனையுள்ள கைக் கட்டர் போதும், சொல்லப்போனால் அதுதான் சிறந்தது. இதன் அருமையை எனக்குக் காட்டியது 2022 இன் பொருளாதார நெருக்கடி. மார்ச் கடைசியில் கரண்ட் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை நின்றது. டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏற, தகட்டை வீணாக்க நினைத்தாலே நெஞ்சு பதறும். அந்த மாதங்களில் இந்தக் கட்டரும் ஒரு இரும்பு அளவுகோலும்தான் எனக்குச் சோறு போட்டன. கோட்டின்மேல் அளவுகோலை இறுக்கி வைத்து, முதல் இரண்டு இழுப்பை மெதுவாக இழுக்க வேண்டும், தடம் விழுவது அப்போதுதான். பிறகு எட்டுப் பத்து இழுப்பில் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் வரும். மேசை விளிம்பில் கோட்டைச் சரியாக வைத்து, ஒரே அமத்தாக அமத்தினால் நேராக ஒடியும். பயந்து பயந்து அமத்தினால்தான் கோட்டை விட்டு விலகி ஒடிகிறது. வளைவு வெட்டுக்கும் ஒடுங்கிய கீலத்துக்கும் இது சரிவராது.

5 மில்லிமீற்றருக்கு மேல் வட்ட அலகு சுழன்று வெட்டும் சேர்க்குலர் சோ. மெசினோடு வந்த 24 பல் அலகைக் கழற்றி வைத்துவிடுங்கள், அது ஓரத்தைக் கொத்தும். 7¼ அங்குலத்தில் 60 பல், ஒரு பல் தட்டையாகவும் அடுத்தது இரு மூலையும் சீவியதாகவும் மாறி மாறி வரும் கார்பைட் அலகு வாங்குங்கள். அலுமினியக் கதவு, ஜன்னல் செய்கிறவர்கள் பாவிப்பதும் இந்த வகைதான், அவர்களிடம் கேட்டால் எங்கே வாங்கலாம் என்று சொல்வார்கள். என்னிடம் உள்ளதை ஒரு முறை தீட்டியும் எடுத்திருக்கிறேன், இன்னும் கண்ணாடி மாதிரி வெட்டுகிறது. தள்ளும் வேகம் ஒரே சீராக இருக்க வேண்டும். தயங்கி நின்றால் உருகும், அவசரப்பட்டால் கொத்தும். கிறைண்டரால் வெட்டலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். வேண்டாம். வெட்டுவதை விட அது எரிப்பதுதான் அதிகம், தெறிக்கும் துண்டு கண்ணுக்குத்தான் வரும். எந்த மெசினென்றாலும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் தொடங்காதீர்கள்.

தகடு வாங்கும்போது வார்ப்புத் தகடா, அழுத்தி இழுத்த தகடா என்று கேளுங்கள். வார்ப்புத் தகடு விலை கூட, ஆனால் கருவிக்கு இணங்கிப் போகும். தூள் செதில் செதிலாக உதிரும். மற்றது சீக்கிரம் இளகி பிட்டில் சுற்றிக்கொள்ளும். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் ஒரு வெட்டுத்துண்டு கேட்டு வாங்கி வந்து துளைத்துப் பாருங்கள்.

துளைத்த தகட்டைத் தின்னராலோ ஸ்பிரிற்றாலோ துடைக்கக் கூடாது. சூட்டில் இறுகி நிற்கும் ஓரத்தில் அது பட்டால் தலைமயிர் போன்ற வெடிப்புகள் விழும், சில வேளை அடுத்த நாள்தான் கண்ணில் படும். சவர்க்காரத் தண்ணீரும் மெல்லிய பருத்தித் துணியும் போதும்.

எழுத்து வெட்டு மட்டும் நான் செய்வதில்லை, லேசர் வைத்திருப்பவர்களிடம் கொடுக்கிறேன். அ, ஜ, ஞ போன்ற எழுத்தின் வளைவுகளை ஜிக்சோவால் அந்த அழகில் எடுக்க முடியாது. வீட்டுக்குச் சின்ன லேசர் வாங்க யோசிப்பவர்கள் ஒன்று பாருங்கள்: மலிவாக வரும் நீல ஒளி லேசர் நிறமில்லாத அக்கிரிலிக்கை வெட்டாது, ஒளி ஊடுருவிப் போய்விடும். அதற்குக் காபனீரொட்சைட்டு லேசர்தான் வேண்டும். லேசர் வெட்டிய ஓரத்திலும் சூட்டின் இறுக்கம் உண்டு, அதனால் எழுத்து வந்ததும் ஸ்பிரிற் போத்தலைத் தூர வைத்துவிட்டுத்தான் தாளை உரிப்பேன்.