இலக்கத் தகடு வாசிக்கும் கமெரா: ஆண்டு ஒப்பந்தமா, அழைக்கும்போது பழுதுபார்ப்பா?

நுவரெலியா, ஹட்டன் வீதிகளில் இலக்கத் தகடு வாசிக்கும் கமெராக்களைப் பொருத்தினால், பராமரிப்புக்குப் பொலிஸார் ஆண்டு ஒப்பந்தம் செய்வதா, பழுதாகும்போது மட்டும் ஆளை அழைப்பதா என்ற கேள்வி எழும். பின்னையது மலிவு, செய்த வேலைக்கு மட்டுமே கட்டணம். உலர்வலய நகரமொன்றுக்கு அதுவே போதலாம்.

மலையகத்திலோ இக்கருவி திடீரென நின்றுபோவதைவிட மெல்ல மெல்லக் கண் மங்குவதே அதிகம். கண்ணாடியில் ஈரம் படியும், சிலந்தி வலை பின்னும், கம்பம் சற்றுத் திரும்பினாலே தகடு சட்டகத்துக்கு வெளியே போய்விடும். இரவில் அகச்சிவப்பு ஒளியை மூடுபனி சிதறடிக்கும்போது 3 என்பது 8 ஆக வாசிக்கப்படலாம். திரையில் படம் வந்துகொண்டே இருப்பதால் எவரும் ஆளை அழைக்கமாட்டார்கள். தவறான இலக்கத்துக்காக வழிமறிக்கப்படும் முச்சக்கரவண்டிச் சாரதிக்குத்தான் கோளாறு முதலில் தெரியவரும்.

ஆகவே இங்கு ஆண்டு ஒப்பந்தமே பொருத்தம் என்பேன். ஆனால் மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் துப்புரவு, வாசிப்புத் துல்லியச் சோதனை, கொழும்பிலிருந்து ஆள் வந்துசேர வேண்டிய நேர எல்லை ஆகியன அதில் எழுதப்படாவிட்டால் கூடுதல் பணம் வீண். பதிவுகளை ஒப்பந்தகாரர் பிரதி எடுக்கக்கூடாது என்ற நிபந்தனை இரு முறைகளுக்கும் வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறர் சார்பில் தரவைக் கையாள்பவருக்கும் கடமைகளை வகுத்துள்ளது.