மேரேஜ் என்கவுண்டர் வார இறுதித் தியானம்: ஒரு மதிப்பீடு

கிறிஸ்தவத் தம்பதியருக்காக நடத்தப்படும் தியானங்களில் பல, மறையுரைகளின் தொகுப்பாகவே முடிந்துவிடுகின்றன. ஒருவர் மேடையில் பேச, மற்றவர்கள் தலையசைத்துக் கேட்க, அருகில் அமர்ந்திருக்கும் வாழ்க்கைத்துணையிடம் ஒரு வார்த்தைகூட மனம்விட்டுப் பேசாமலேயே வீடு திரும்பிவிடலாம். ஸ்பெயின் நாட்டு அருட்தந்தை கபிரியேல் கால்வோ 1950-களில் தம்பதியரிடையே ஆற்றிய பணியிலிருந்து உருவாகி, 1960-களின் பிற்பகுதியில் அமெரிக்காவுக்குச் சென்று அங்கிருந்து பல நாடுகளுக்குப் பரவிய மேரேஜ் என்கவுண்டர், இதிலிருந்து முற்றிலும் விலகிய ஏற்பாடு. வெள்ளி மாலையில் தொடங்கி ஞாயிறு வரை நடைபெறும் இத்தியானத்தில் குழு விவாதம் என்பதே கிடையாது. யாரும் எழுந்து நின்று தங்கள் குடும்பக் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. கூச்ச சுபாவம் உள்ள என் கணவர் இதில் கலந்துகொள்ளச் சம்மதித்ததற்கு இந்த ஒரு விதியே முக்கியக் காரணம்.

நடைமுறை எளிமையானது. சில தம்பதியரும் ஓர் அருட்தந்தையும் தங்கள் சொந்த வாழ்விலிருந்து பேசுகிறார்கள். அதன்பின் ஒரு கேள்வி தரப்படுகிறது. கணவனும் மனைவியும் தனித்தனியே அமர்ந்து அதற்கான பதிலை ஒருவருக்கொருவர் கடிதமாக எழுதி, நோட்டுப் புத்தகங்களை மாற்றிக்கொண்டு, ஒருமுறை அறிவாலும் மறுமுறை மனத்தாலும் வாசித்த பிறகே பேசத் தொடங்குகிறார்கள். உணர்வுகளில் சரி, தவறு என்று எதுவும் இல்லை என்பதும், உணர்வை எழுத வேண்டிய இடத்தில் தீர்ப்பை எழுதக்கூடாது என்பதும் அடிப்படை விதிகள். "நீங்கள் என்னைப் பொருட்படுத்துவதே இல்லை" என்று எழுதினால் அது குற்றச்சாட்டு. "அன்று இரவு தனித்துவிடப்பட்டவளைப் போல இருந்தது" என்பது உணர்வு. முதல் வாக்கியத்திற்கு மறுப்பு உடனே வாயில் வந்துவிடுகிறது. இரண்டாவதை மறுக்க யாருக்கும் வழியில்லை. எங்கள் நோட்டுகளின் முதல் பக்கங்களில் அடித்தல் திருத்தல்கள் மிகுந்திருந்ததற்கு இந்த விதியே காரணம்.

இதை வெறும் உரையாடல் பயிற்சி என்று ஒதுக்குவோர் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. மனைவி கணவனுக்குப் பணிந்திருக்க வேண்டும் என்பதற்கு எபேசியர் 5:22-ஐ எடுத்துக்காட்டுவோர், ஒருவர் மற்றவருக்குப் பணிந்திருக்கச் சொல்லும் 21-ஆம் வசனத்தைப் பெரும்பாலும் தாண்டிவிடுகிறார்கள். துணையின் கடிதத்தை இடைமறிக்காமல், பதில் தயாரிக்காமல், இரண்டாம் முறையும் வாசிப்பது அந்தப் பரஸ்பரப் பணிவை உடலால் பழக்குகிறது. அன்பு என்பது ஒரு தீர்மானம் என்று இத்தியானம் வலியுறுத்துவதும், இன்பத்திலும் துன்பத்திலும் பிரமாணிக்கமாய் இருப்பேன் என்று கொடுத்த திருமண வாக்குறுதியோடு நேரடியாகப் பொருந்துகிறது, ஏனெனில் அந்த வாக்குறுதியில் யாரும் தங்கள் மனநிலைக்கு உத்தரவாதம் தருவதில்லை.

குறைகளும் உண்டு. பேசும் தம்பதியரின் திறமையைப் பொறுத்தே ஒவ்வோர் அமர்வும் அமைகிறது. நாங்கள் கேட்ட உரைகளில் ஒன்று தேவைக்கு மேல் நீண்டு, எழுதும் நேரத்தை விழுங்கிவிட்டது. அதைவிட முக்கியமானது, உணர்வுகளுக்குத் தரப்படும் இடம் அன்றாட முடிவுகளுக்குத் தரப்படுவதில்லை என்பது. சம்பளத்தை யார் நிர்வகிப்பது, முதிய பெற்றோரை எப்படிக் கவனிப்பது, வீட்டு வேலையை எப்படிப் பங்கிடுவது ஆகியவற்றில்தான் கிறிஸ்தவ விசுவாசம் உரசிப் பார்க்கப்படுகிறது. மனைவியின் களைப்பைக் கண்ணீர்மல்கப் புரிந்துகொண்ட கணவர், மறுநாள் பாத்திரம் கழுவ எழுந்து வருவாரா என்பதை எந்தக் கடிதமும் உறுதிசெய்வதில்லை. (எங்கள் வீட்டில் வந்தார், ஆனால் அதற்குத் தனியாக ஒரு பேச்சு தேவைப்பட்டது.) திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் குடும்பத்தைப் பற்றி வெளியிட்ட அறிவுரை மடலில் அனுமதி கேட்பது, நன்றி சொல்வது, மன்னிப்புக் கேட்பது என்ற மூன்றையும் இல்லறத்திற்கு இன்றியமையாதவையாகக் குறிப்பிடுகிறார், இத்தகைய சிறு பழக்கங்களுக்கென்று ஓர் அமர்வு இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீடு திரும்பியபின் தொடர்வதற்குத் தரப்படும் வழி, நாள்தோறும் பத்து நிமிடம் எழுதி, பத்து நிமிடம் பேசுவது. கைக்குழந்தை உள்ளவர்களுக்கு இது எளிதன்று. நாங்கள் தினமும் செய்வதில்லை. பூசல் வந்த நாள்களில் மட்டும் நோட்டை எடுக்கிறோம். கோபத்தோடு பொழுது சாயக்கூடாது என்ற எபேசியர் 4:26-ஐ நிறைவேற்ற அதுவே எங்களுக்குக் கைகொடுக்கிறது.

ஓரளவு நல்ல உறவில் இருந்து, பேச்சு மட்டும் குறைந்துபோன தம்பதியருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கத்தோலிக்கர் அல்லாத தம்பதியரும் கலந்துகொள்ளலாம். பிரிவின் விளிம்பில் இருப்போருக்கு இது ஏற்றதன்று. அவர்களுக்காகவே 1977-இல் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் தொடங்கப்பட்ட ரெத்ரூவாய் என்ற தனித் திட்டம் இருக்கிறது. அடிதடியோ மிரட்டலோ உள்ள வீட்டில் கடிதப் பரிமாற்றத்தை முயலவே வேண்டாம். பாதிக்கப்பட்டவர் முதலில் பாதுகாப்பான இடத்திற்குச் செல்ல வேண்டும், பொறுமையாக ஜெபியுங்கள் என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்ப எந்தப் பங்குத்தந்தைக்கும் உரிமையில்லை.