புளியங்கொட்டை பாட்டில்: 11 மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகைத் துடிப்புக் கோளாறு) உள்ள பெரியவர்களுக்குச் செய்யாமல் விட்டது உறுத்திக்கொண்டே இருக்கும்; செய்து முடித்தது சாயங்காலத்துக்குள் மறந்துவிடும். எப்போதோ வரப்போகும் பலனுக்கு அந்த மூளை அசைந்து கொடுப்பது கடினம், கைமேல் கிடைத்தால் நகரும். அதற்குத்தான் இந்தப் பாட்டில்: ஒரு சின்ன வேலை முடிந்ததும் அதில் ஒரு புளியங்கொட்டை போட வேண்டும். கண்ணாடியில் கொட்டை விழும் ‘டக்’ சத்தம் அப்படிக் கைமேல் கிடைக்கிற ஒன்று.

வேண்டியது, அகல வாய் ஊறுகாய் பாட்டில் ஒன்றும் கழுவிக் காயவைத்த புளியங்கொட்டை இரண்டு கைப்பிடியும்தான். எவர்சில்வர் டப்பா வேண்டாம், உள்ளே இருப்பது தெரியாது. பெரிய ஹார்லிக்ஸ் பாட்டிலும் வேண்டாம், நிரம்புவதற்குள் ஆசை விட்டுப்போகும். மூடியைக் கழற்றி எறிந்துவிடுங்கள்; அதைத் திறப்பதே ஒரு வேலையாகித் தடுக்கும். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் உயரத்தில் வையுங்கள்.

பலர் தவறுவது வேலையைப் பிரிப்பதில்தான். “கரண்ட் பில் கட்டணும்” என்பது ஒரே வேலை இல்லை. பெங்களூர் மின் நிறுவனமான பெஸ்காமின் ஆப்பைத் திறந்தால் ஒரு கொட்டை, தொகையைப் பார்த்தால் ஒன்று, கட்டினால் இன்னொன்று. துணியை மெஷினிலிருந்து எடுத்தால் ஒன்று, கொடியில் போட்டால் ஒன்று. மடிக்காமல் நாற்காலியில் கிடந்தாலும் அந்த இரண்டும் உங்களுடையவை. போடும்போது “முடிச்சாச்சு” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

மூன்று நான்கு வாரத்தில் சலிக்கும். புதுமை தேய்ந்ததுதான் காரணம், சோம்பல் இல்லை. கொட்டைக்குப் பதில் சோழி, அப்புறம் மஞ்சாடி விதை என்று மாற்றுங்கள். சமையல் மேடையில் இருந்ததை லேப்டாப் பக்கத்துக்குக் கொண்டுபோங்கள்.

“ஒரு நாளைக்குப் பத்து” என்று கணக்கு வைத்தால் கெட்டது. இரண்டாம் நாளே ஏழில் நிற்கும், பாட்டிலைப் பார்க்கவே கூசும். செய்யாததற்காக ஒரு கொட்டையைக்கூட வெளியே எடுக்கக் கூடாது. போன் ஆப்பில் குறிப்பதும் சரிப்படவில்லை: குறிக்கத் திறந்த போன் அரை மணி நேரத்தை விழுங்கிவிடும்.

ஊரிலிருந்து பெங்களூருக்கு வரும் அம்மா “பாத்திரம் கழுவினதுக்கெல்லாமா?” என்று கேட்கலாம். விளக்கம் சொல்வதைவிட அவர் கையில் ஒரு கொட்டையைக் கொடுத்துவிடுங்கள், குக்கரை இறக்கியதும் போடட்டும்.

மருந்து, சிகிச்சைக்கு இது மாற்று ஆகாது. இன்னும் பரிசோதித்துக்கொள்ளாதவர்கள் மனநல மருத்துவரிடமே போக வேண்டும். பெங்களூரில் ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது.

பாட்டில் நிரம்பிய அன்றே தாம்பாளத்தில் கொட்டிக் கையால் அளைந்து பாருங்கள். தள்ளிப்போட்டால் அலமாரியில் இன்னொரு பொருளாகிவிடும். பிறகு காலி பாட்டிலில் முதல் கொட்டை, அதைக் கொட்டிப் பார்த்ததற்கு.